கையும் கண்ணும் எழுத்தும்: திறன்பேசித் திரையின் அளவும் அமைப்பும் பற்றி நமுனுகுலத் தோட்டங்களை முன்வைத்து ஒரு நோக்கு

இலங்கைத் தமிழர் 'கையடக்கத் தொலைபேசி' என்று வழங்கும் கருவியின் பெயரிலேயே அதன் அளவு பற்றிய விதியொன்று அமைந்திருக்கிறது. கைக்குள் அடங்குவதே அதன் இலக்கணம். ஆயினும் 2007ஆம் ஆண்டுக்குப் பின்னர் திறன்பேசி என்னும் புதிய வடிவம் பெற்ற இக்கருவியின் திரை படிப்படியாக விரிந்து, பெயருக்கும் பொருளுக்கும் இடையே பொருத்தமின்மை தோன்றும் நிலையை எய்தியுள்ளது. எவ்வளவு பெரிய திரை ஏற்றது, அதன் அமைப்பு எவ்வாறிருத்தல் வேண்டும் என்ற வினாக்கள் உலகெங்கும் விவாதிக்கப்பட்டு வருகின்றன.

இவ்விவாதம் பெரும்பாலும் நகரத்து நுகர்வோரை மனத்திற்கொண்டே நிகழ்கின்றது. மேசைமீது கணினியும் சுவரில் தொலைக்காட்சியும் உடைய ஒருவருக்குக் கைத்திரையின் அளவு விருப்பத்தின்பாற்பட்டது. வீடு முழுமைக்கும் ஒரே திரை என்றிருப்போருக்கோ அது தேவையின்பாற்பட்டது. பதுளை மாவட்டத்தின் நமுனுகுல மலைத்தொடரைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் பல குடும்பங்களின் நிலை இரண்டாவதாகும். அத்தோட்டங்களின் வாழ்நிலையை உரைகல்லாகக் கொண்டு திரையளவு பற்றிய வாதங்களை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விவாதத்தின் வரலாறு

2007இல் அப்பிள் நிறுவனம் வெளியிட்ட முதலாவது ஐபோனின் திரை 3.5 அங்குலமாக இருந்தது. எழுதுகோலை விடுத்து விரலாலேயே இயக்கத்தக்க கருவியாக அது வடிவமைக்கப்பட்டமையால், ஒரு கையின் பெருவிரல் திரை முழுவதையும் எட்டுதல் இயல்பான எல்லையாயிற்று. 2010 யூலையில் நடைபெற்ற செய்தியாளர் சந்திப்பொன்றில், கைக்குள் அடங்காத பெரிய தொலைபேசிகளை எவரும் வாங்கமாட்டார் என்ற கருத்தை அந்நிறுவனத்தின் தலைவர் ஸ்டீவ் ஜொப்ஸ் வெளியிட்டார்.

மறு ஆண்டே இக்கருத்துச் சோதனைக்குள்ளாயிற்று. 2011 செப்ரெம்பரில் சம்சுங் நிறுவனம் 5.3 அங்குலத் திரையுடைய கலக்சி நோட் என்னும் கருவியை அறிமுகஞ்செய்தது. விமரிசகர் பலர் அதன் பருமனை எள்ளினர். எனினும் ஓராண்டுக்குள் ஒரு கோடிக் கருவிகள் விற்பனையானதாக நிறுவனம் அறிவித்தது. 2014இல் அப்பிள் நிறுவனமும் 4.7, 5.5 அங்குலத் திரைகளுக்கு மாறியது. 2020இலும் 2021இலும் அது 5.4 அங்குலச் சிறு கருவிகளை மீண்டும் வெளியிட்டபோதிலும், 2022ஆம் ஆண்டின் வரிசையில் அவ்வகை இடம்பெறவில்லை. சிறிய திரையை விரும்புவோர் இருந்தனராயினும், சந்தை அவர்களைச் சிறுபான்மையினராகவே கணித்தது.

இம்மாற்றத்துக்கான காரணம் வெளிப்படையானது. பேசுவதற்குரிய கருவி, படிப்பதற்கும் பார்ப்பதற்கும் எழுதுவதற்கும் உரிய கருவியாக மாறிற்று. காதுக்கும் வாய்க்கும் இடைப்பட்ட தூரம் முன்பு அதன் அளவைத் தீர்மானித்தது. இப்பொழுது கையும் கண்ணும் அதனைத் தீர்மானிக்கின்றன. இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகளில் இழுப்பனவாதலின், விவாதம் முடிவின்றித் தொடர்வது வியப்பன்று.

அங்குலம் என்னும் அளவுகோல்

விவாதத்துள் நுழையுமுன் அதன் அளவுகோலை ஆராய்தல் வேண்டும். திரையின் அளவாக விளம்பரங்களிற் காட்டப்படுவது அதன் மூலைவிட்ட நீளமாகும். நீளமும் அகலமும் எவ்விகிதத்தில் உள்ளன என்பதை அறியாது மூலைவிட்டத்தை மட்டும் கொண்டு திரையின் பரப்பையோ அகலத்தையோ உணரவியலாது.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். 2014ஆம் ஆண்டளவில் வழங்கிய 16:9 என்ற விகிதத்தில் அமைந்த 5.5 அங்குலத் திரையின் அகலம் ஏறத்தாழ 68 மில்லிமீற்றர். 2017இல் எல்ஜி, சம்சுங் ஆகிய நிறுவனங்கள் 18:9ஐ ஒட்டிய நெடிய விகிதங்களைக் கையாளத் தொடங்கின. பின்னர் 20:9 என்ற விகிதம் பரவலாயிற்று. இவ்விகிதத்தில் அமைந்த 6.5 அங்குலத் திரையின் அகலமும் ஏறத்தாழ 68 மில்லிமீற்றரே. பெயரளவில் ஓர் அங்குலம் கூடியும், எழுத்து வரி அமையும் அகலம் சற்றும் கூடவில்லை. திரை நீண்டதேயன்றி விரியவில்லை. இன்னும், 6.5 அங்குலத் திரை 16:9 விகிதத்தில் அமைந்தால் அதன் பரப்பு 18 சதுர அங்குலம். 20:9 விகிதத்தில் அமைந்தால் 15.8 சதுர அங்குலம். ஆகவே ஒரே அங்குலக் கணக்கில் விற்கப்படும் இரு திரைகளுக்கிடையே பரப்பில் 12 வீத வேறுபாடு இருத்தல் கூடும்.

இதனால் பெறப்படுவது யாதெனில், கைக்கு அடக்கம் என்பதையும் வரியின் நீளம் என்பதையும் தீர்மானிப்பது அகலமே என்பதாகும். 'எத்தனை அங்குலம்?' என்ற வினாவினும் 'எத்தனை மில்லிமீற்றர் அகலம்?' என்ற வினாவே பொருளுடையது.

கையின் எல்லை

மக்கள் திறன்பேசியை எவ்வாறு பிடிக்கின்றனர் என்பதை வடிவமைப்பாளரான ஸ்டீவன் ஹூபர் பொதுவிடங்களில் 1,333 அவதானிப்புகள் வாயிலாக ஆராய்ந்து 2013இல் வெளியிட்டார். திரையைத் தொட்டுப் பயன்படுத்திக்கொண்டிருந்தோரில் 49 வீதத்தினர் ஒரு கையாலும், 36 வீதத்தினர் ஒரு கையில் ஏந்தி மறுகையாலும், 15 வீதத்தினர் இரு பெருவிரல்களாலும் இயக்கினர். ஒரு கைப் பயன்பாடு சோம்பலின் விளைவன்று. மறுகை வேறொரு கடமையில் ஈடுபட்டிருப்பதன் விளைவு என்பது மனங்கொள்ளத்தக்கது.

தோட்டப்புறத்தில் இவ்வுண்மை மேலும் வலுப்பெறுகின்றது. கொழுந்து பறிப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். சரிவான மலைநிலத்தில் கூடையோ சாக்கோ சுமந்து நிற்கும் ஒருவர்க்கு இரு கைகளும் ஓய்ந்திருக்கும் வேளை அரிது. பெண்களின் கை சராசரியில் ஆண்களின் கையிலும் சிறியது. பெருந்திரைத் தொலைபேசிகள் ஆணின் கையையே பொதுவளவாகக் கொண்டுள்ளன என்று கரோலைன் கிரியாடோ பெரெஸ் 2019இல் வெளியிட்ட நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். இக்கருத்துக்கு மலையகப் பெருந்தோட்டங்களினும் பொருத்தமான களம் வேறில்லை எனலாம்.

கையைப் பற்றிய இன்னொரு விடயம் தொடுதலின் இயல்பாகும். இன்றைய திறன்பேசிகளின் திரை கொள்ளளவத் தொடுதிரை எனப்படும். கண்ணாடியின் கீழுள்ள நுண்ணிய மின்கடத்திகளின் வலையில் மெல்லிய மின்புலம் நிலவுகின்றது. மின்கடத்தும் தன்மையுடைய விரல் அணுகும்போது அவ்விடத்துக் கொள்ளளவம் மாறுகின்றது. அம்மாற்றமே தொடுகையாகக் கணிக்கப்படுகின்றது. நீரும் மின்கடத்துமாதலின், மழைத்துளி விரலைப் போலவே உணரப்பட்டுத் தவறான கட்டளைகளைத் தோற்றுவிக்கின்றது. மறுதலையாக, உழைப்பினாற் காய்ப்பேறி உலர்ந்த விரல்நுனி சில வேளைகளில் உணரப்படாமலே போகின்றது. ஆகவே மழையில் நனைந்த திரையும் காய்ப்பேறிய விரலும் சந்திக்குமிடத்து, கருவி தொடாததைத் தொட்டதாகவும் தொட்டதைத் தொடாததாகவும் கொள்கின்றது. திரையை ஓர் அங்குலம் பெருப்பிப்பதால் இக்குறை நீங்காது. தொடவேண்டிய இடங்களைப் பெரியனவாகவும் இடைவெளியுடனும் அமைப்பதே ஓரளவு நீக்கும். தொடவேண்டிய ஒவ்வோர் இடமும் ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டுமென்பது கூகுள் நிறுவனத்தின் வடிவமைப்பு வழிகாட்டியின் பரிந்துரையாகும்.

அவ்விடங்கள் திரையின் கீழ்ப்பாகத்தில் அமைதலும் வேண்டும். நெடிய திரையின் மேல் விளிம்பைப் பெருவிரல் எட்டுவது கடினம். 2021இல் அப்பிள் நிறுவனம் தன் இணைய உலாவியின் முகவரிப் பட்டையைத் திரையின் அடிப்பகுதிக்கு மாற்றியமை இவ்வுண்மையை ஏற்றுக்கொண்டமைக்குச் சான்றாகும்.

கண்ணும் தமிழெழுத்தும்

கண்ணின் தேவையை இரு கூறுகளாகப் பிரித்து நோக்கலாம்: ஒன்று தெளிவு, மற்றொன்று பருமன். இயல்பான கண், ஒரு பாகையின் அறுபதிலொரு பங்கான கோணத்தில் அமைந்த இரு புள்ளிகளை வேறுபடுத்திக் காணவல்லது. 30 சென்ரிமீற்றர் தூரத்தில் இஃது ஏறத்தாழ 0.09 மில்லிமீற்றராகும். ஆகவே அங்குலமொன்றில் 300 புள்ளிகளளவில் அமைந்த திரையில் புள்ளிகள் தனித்துத் தோன்றா. 2010இல் 326 புள்ளிகளுடன் வெளிவந்த ஐபோன் இவ்வெல்லையைக் கடந்தது. அதன்பின் தெளிவு பற்றிய குறை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. பருமன் பற்றிய குறை தீரவில்லை. நாற்பது வயதின் பின்னர் வெள்ளெழுத்தினால் அண்மைப் பார்வை மங்குவோருக்குப் புள்ளிகளின் நெருக்கம் பயன்தராது. எழுத்தின் பருமனே பயன்தரும்.

ஈண்டுத் தமிழெழுத்தின் இயல்பு முதன்மை பெறுகின்றது. ஆங்கில எழுத்துக்களோடு ஒப்பிடுமிடத்துத் தமிழெழுத்துக்கள் அகன்றவை. 'கொ', 'கௌ' போன்ற உயிர்மெய்கள் மூன்று வடிவங்களின் அகலத்தை ஒரே எழுத்துக்கெனக் கொள்கின்றன. 1978இல் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட எழுத்துச் சீர்திருத்தம் 'ணை', 'லை', 'ளை', 'னை' முதலியவற்றின் பழைய கூட்டுவடிவங்களை நீக்கியது. அச்சுக்கும் தட்டச்சுக்கும் அஃது எளிமை தந்தது. ஆயின் துதிக்கை போன்று மேலே வளைந்த குறி தனிக்குறியாகப் பக்கத்தில் அமைந்தமையால் அவ்வெழுத்துக்களின் அகலம் கூடிற்று. ஓரூழியின் எழுத்துக்கருவி எழுத்தின் வடிவத்தைப் பாதிப்பது புதியதன்று என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

மேலும், தமிழ் ஒட்டுநிலை மொழி. 'பெருந்தோட்டத்தொழிலாளர்களுக்காக' என்னும் ஒரே சொல்லில் 17 எழுத்துக்கள் உள்ளன. 68 மில்லிமீற்றர் அகலமுள்ள திரையில் ஓரங்கள் போக 60 மில்லிமீற்றர் எஞ்சுமெனவும், ஓரெழுத்துக்குச் சராசரியாக 3 மில்லிமீற்றர் எனவும் கொண்டால், ஒரு வரியில் 20 எழுத்துக்களே அடங்கும். மேற்குறித்த சொல் ஏறத்தாழ ஒரு வரியையே நிரப்பிவிடும். அடுத்த சொல் கீழே தள்ளப்பட வரிகள் குறையும் நிறையுமாகச் சிதைகின்றன. அச்சுக்கோப்பாளர் தமிழ்ச் சொற்களை எழுத்தெல்லையில் முறித்து, புள்ளியெழுத்து வரியின் முதலில் வாராதபடி அடுக்கும் நுட்பத்தை அறிந்திருந்தனர். ஆங்கிலத்துக்கென எழுதப்பட்ட செய்நிரல்களுக்கு அந்நுட்பத்தைத் தனியே கற்பித்தல் வேண்டும்.

எழுதுதலிலும் இதே இடர்ப்பாடு உண்டு. 2005இல் முத்து நெடுமாறனின் செல்லினம் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அறிமுகமானபோது, எண்விசைகள் மட்டுமே கொண்ட சிறு தொலைபேசியிலும் தமிழில் எழுதலாம் என்பது நிறுவப்பட்டது. தொடுதிரையில் விசைகள் திரையின் அகலத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. ஆங்கில விசைப்பலகையின் மேல்வரிசையில் 10 எழுத்துக்கள். 1999இல் தமிழ்நாட்டில் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையின் மேல்வரிசையில் 12 எழுத்துக்கள். 68 மில்லிமீற்றர் அகலத்தில் ஆங்கில விசைக்கு 6.8 மில்லிமீற்றர் கிடைக்க, தமிழ் விசைக்கு 5.7 மில்லிமீற்றரே கிடைக்கின்றது. முதலாவது ஐபோனின் அகலமாகிய 49 மில்லிமீற்றரில் இது 4.1 மில்லிமீற்றராகக் குறுகியிருக்கும். ஆங்கிலத்துக்குப் போதிய திரை தமிழுக்குப் போதியதென்று கொள்வதற்கில்லை. சிறிய திரைக்காக வாதாடுவோர் கருத்திற்கொள்ளவேண்டிய உண்மை இதுவாகும்.

நமுனுகுலச் சூழல்

ஒன்பது சிகரங்கள் எனச் சிங்களத்தில் பொருள்படும் நமுனுகுல, 2,000 மீற்றரிலும் சற்று உயர்ந்தது. அதன் சரிவுகளில் பதுளை, பசறை, பண்டாரவளை ஆகிய நகரங்களை நோக்கிய பக்கங்களிலெல்லாம் தேயிலைத் தோட்டங்கள் பரந்துள்ளன. வானொலி அலைகள் நேர்கோட்டை ஒட்டிச் செல்பவை. ஆகவே சிகரத்தின் ஒரு புறத்துக் கோபுரம் மறுபுறத்துப் பள்ளத்தாக்குக்குப் பயன்படாது போதல் இயல்பு.

2020 மார்ச்சில் கொவிட் பெருந்தொற்றினால் நாட்டின் பாடசாலைகள் மூடப்பட்டபோது இந்நிலைமை நாடறிந்த செய்தியாயிற்று. 2021இல் இம்மாவட்டத்தின் லுணுகலைப் பகுதியில் பெற்றோர் தம் பிள்ளைகளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்று, ஏறத்தாழ 30 அடி உயரத்தில் மரத்தின்மீது அமைத்த குடிலில் ஏற்றி, முறைவைத்துப் பாடங்களைப் பெறச் செய்தமையைப் பன்னாட்டுச் செய்தி நிறுவனங்கள் அறிவித்தன.

பாடம் எவ்வடிவில் வந்தது என்பதே எமது ஆய்வுக்கு முதன்மையானது. அச்சிட்ட அல்லது கையால் எழுதிய ஏ4 தாளின் படம் வட்ஸ்அப் வழியாக அனுப்பப்படுதல் அக்காலத்துப் பெருவழக்கு. ஏ4 தாளின் அகலம் 210 மில்லிமீற்றர். அது 68 மில்லிமீற்றர் அகலமுள்ள திரையில் ஒடுங்கும்போது மூன்றிலொரு பங்கினும் குறுகுகின்றது. 12 புள்ளிப் பருமனில் அச்சிட்ட எழுத்து 4 புள்ளிக்கும் குறைந்துவிடுகின்றது. கருவியைக் கிடையாகத் திருப்பினால் எழுத்து 8 புள்ளியைத் தாண்டும். ஆனால் ஒரே நேரத்தில் தாளின் மூன்றிலொரு பங்கே தெரியும். பெருப்பித்துப் படிப்பின், ஒவ்வொரு வரிக்கும் படத்தை இடமும் வலமும் இழுத்தல் வேண்டும். 2019இல் வெளிவந்த மடிக்கத்தக்க 7.3 அங்குலத் திரையும்கூட ஏ4 தாளுக்கு ஈடாகாது. அதன் விலையோ தோட்டப்புறத்தில் நினைத்தற்கும் அரியது.

அதே பாடம் படமாகவன்றி எழுத்தாக அனுப்பப்பட்டிருப்பின், திரையின் அகலத்துக்கேற்ப வரிகள் தாமே மடிந்து, வேண்டிய பருமனில் படிக்கக் கிடைத்திருக்கும். படத்தினும் எழுத்து மிகச் சிறு தரவாதலின், வலுக்குறைந்த அலைவரிசையிலும் அது விரைந்து வந்து சேர்ந்திருக்கும். ஆகவே திரையளவின் குறையென்று கருதப்பட்டவற்றுட் பெரும்பகுதி, அனுப்பப்பட்ட பொருளின் அமைப்பிலுள்ள குறையே என்பது தெளிவாகின்றது.

விலை பற்றிய கணக்கையும் இவ்விடத்து நோக்குதல் தகும். பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024 செப்ரெம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 30,000 ரூபா விலையுள்ள கருவியொன்றை 1,350 ரூபாச் சம்பளத்தில் வாங்குவதற்கு 22 நாட்களுக்கு மேற்பட்ட உழைப்பு வேண்டும். எனவே ஒரு குடும்பத்தில் ஒரு கருவியே இருத்தல் இயல்பு. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்து அறையில் அதே திரை காலையில் தாயின் கைக்கும், மாலையில் பிள்ளைகளின் கைகளுக்கும், இரவில் வெளிநாட்டிலோ கொழும்பிலோ உள்ள மகனின் முகத்தைக் காண விழையும் பாட்டியின் கண்ணுக்கும் மாறிச்செல்கின்றது. இம்மூவருக்கும் ஏற்ற ஒரே மூலைவிட்டம் என ஒன்றில்லை. எழுத்தின் பருமனை ஒருவர் கூட்டவும் மற்றவர் குறைக்கவும் இடமளித்து, அவ்வாறு மாற்றும்போது எழுத்தும் விசையும் ஒன்றன்மேலொன்று ஏறாது நிற்கும் அமைப்பே பகிர்ந்து வாழும் குடும்பத்துக்கு ஏற்றது.

எச்சரிக்கையும் திரையும்

திரையின் அமைப்பு உயிருடன் தொடர்புபடும் இடமும் ஒன்றுண்டு. 2014 ஒக்ரோபர் 29ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுட் புதையுண்டமை ஊவா மக்கள் மறவாத பேரிடர். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று படிநிலைகளில் மண்சரிவு எச்சரிக்கைகளை விடுத்து வருகின்றது. இத்தகைய அறிவித்தல் மூன்று மொழிகளிலும் ஒரே பெரும்படமாக அமைக்கப்பட்டால், 68 மில்லிமீற்றர் திரையில் ஒவ்வொரு மொழியும் நுண்ணெழுத்தாகவே எஞ்சும். மழை பெய்யும் இரவில், நனைந்த திரையில், அப்படத்தைப் பெருப்பித்துத் தன் ஊர்ப் பெயரைத் தேடும் ஒருவரின் நிலையை எண்ணிப்பார்த்தல் வேண்டும். தமிழில், தனிச்செய்தியாக, முதல் வரியிலேயே பிரதேசத்தின் பெயரும் செய்யவேண்டியதும் அமைந்த எழுத்து வடிவ எச்சரிக்கை, எந்தச் சிறு திரையிலும் தன் பணியைச் செய்யும்.

திரை மட்டும் உயிரைக் காக்கும் என்று இதற்குப் பொருளன்று. எச்சரிக்கையைப் படித்தபின் சென்று தங்குவதற்குப் பாதுகாப்பான நிலமும் வீடும் வேண்டும். அது நில உரிமை பற்றிய வினா, வடிவமைப்பினால் விடைகாணத்தக்கதன்று. எனினும் படிக்கவியலாத எச்சரிக்கை எச்சரிக்கையே ஆகாது என்பதை மறுத்தல் இயலாது.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்துச் சில முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, திரையை மூலைவிட்ட அங்குலத்தால் மதிப்பிடும் வழக்கம் மயக்கந்தருவது. அகலமே முதன்மையான அளவாகும். இரண்டாவதாக, தமிழெழுத்தின் அகலமும் விசைகளின் எண்ணிக்கையும் மிகச்சிறிய திரையை ஏற்கவிடா. உழைக்கும் பெண்ணின் ஒற்றைக் கை மிகப்பெரிய திரையை ஏற்கவிடாது. இவ்விரு எல்லைகளுக்கும் இடையே, 65 முதல் 70 மில்லிமீற்றர் வரையான அகலம் தமிழ் பயில்வோர்க்குப் பொருத்தமானதென்பது எமது கருத்து. 20:9 விகிதத்தில் இஃது 6.2 முதல் 6.7 அங்குலம் வரையிலான திரையாகும். மூன்றாவதாக, இவ்வெல்லையை அடைந்தபின் மேலும் அங்குலங்களைக் கூட்டுவதால் விளையும் நன்மை சிறிது. மழையிலும் இயங்கும் தொடுகை, பெரிய விசைகள், வெயிலிலும் தெரியும் ஒளி, மின்தடை நாளிலும் நீடிக்கும் மின்கலம், பதுளை நகரிலேயே பழுதுபார்க்கத்தக்க எளிய அமைப்பு ஆகியனவே அதனினும் வேண்டப்படுவன.

நான்காவது முடிவு எம்மவரை நோக்கியது. கருவியை அமைக்கும் ஆற்றல் தொலைநாட்டு நிறுவனங்களிடம் உள்ளது. அத்திரையில் ஏறும் தமிழை அமைக்கும் ஆற்றலோ எம்மிடமே உள்ளது. பாடங்களையும் அறிவித்தல்களையும் தாளின் படங்களாகவன்றி மடியத்தக்க எழுத்தாக ஆக்குவதற்குப் பெருஞ்செலவு வேண்டியதில்லை. பயிற்சியும் கவனமுமே வேண்டும். தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர்களுக்கு அப்பயிற்சியை அளித்தலும், பெருந்தோட்டப் பெண்களின் கையளவைகளை முறைப்படி தொகுத்து வடிவமைப்பாளர்க்கு எட்டச்செய்தலும் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க பணிகளாகும். பதுளையிலேயே 2005இல் நிறுவப்பட்ட ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் இருத்தலால், இப்பணிக்குக் களம் தொலைவில் இல்லை.